நுனி மட்டும் முடிந்த சாக்ஸ்

அன்புள்ள அம்மாவுக்கு,

இதை அப்பாவிடம்கூடக் காட்டாதே. படித்ததும் கிழித்துவிடு. உடம்பு எப்படி இருக்கிறது? இறால் கம்பெனி ஐஸில் நின்று நின்று வந்த கால் வெடிப்பு ஆறியதா? நான் இங்கே ராயபுரத்தில் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

டோரதி அத்தை போனில் சொன்னதை நம்பாதே. நடந்தது சிரிப்பான விஷயம். உனக்காக உல்லன் நூலில் சாக்ஸ் பின்னுகிறேன். பள்ளிக்கூடப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பின்னுவேன். விரல் பக்கத்திலிருந்து தொடங்கி நுனி மட்டும் முடிந்திருந்தது. அத்தை அதை என் பையில் பார்த்துவிட்டார். இந்த வீட்டில் ஞானஸ்நானக் குழந்தைக்கு மட்டும்தான் சாக்ஸ் பின்னுவார்கள்.

"யாரு கொயந்தைக்குடி இது?"

"அம்மாவுக்கு, அத்தை."

"உங்கம்மா காலு இன்னா, கட்டவெரலு சைஸா? எத்தினி மாசம், சொல்லு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். சனிக்கிழமை டோல்கேட் பக்கம் இருக்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறாராம். எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

பக்கத்து வீட்டு ஜானட் இதைத் தபாலில் போடுவாள். சனிக்கிழமைக்குள் வந்துவிடு, அம்மா. முடியாவிட்டால் உன் பாதத்தை நூலில் அளந்து அனுப்பு, அத்தைக்குக் காட்டுகிறேன். உன் வாசனை இருக்கும் பழைய போர்வையும் வேண்டும்.

நேற்று போன் ஸ்பீக்கரில் இருந்தது. "அவகிட்ட குடுக்காதீங்க மதினி, எனக்குப் பேச ஒண்ணுமில்ல" என்று நீ சொன்னது எனக்கும் கேட்டது. அத்தையை மட்டும் கேட்டாய். என்னையும் ஒரு வார்த்தை

கதவைத் தட்டுகிறார்கள்.

ஆன்சி