ரெண்டு பேருக்குக் கூலர்

காந்தல்,
ஞாயிற்றுக்கிழமை

ஏனுங்க,

நாக்பூரில் ராத்திரியிலும் சுவர் சுடுகிறது, இன்னொரு ஃபேன் வாங்குவதா, கூலர் வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே மலையில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கோயமுத்தூரில் தங்கச்சி வீட்டுக்குப் போனபோது ஒரு கடையில் விசாரித்தேன். "ஃபேன் சூட்டைத்தானுங்க சுத்தி விடும். அந்த ஊர்க் காத்து வறண்டது, கூலர்ல நனைஞ்ச நார்த் தட்டி வழியா வந்தா ஜில்லுனு ஆயிரும். கூலரே வாங்கச் சொல்லுங்க. ஆனா ஜன்னலைச் சாத்திப்போட்டா புழுங்கிப் போயிருமுங்க" என்றார் கடைக்காரர். மழைக்காலத்தில் அவ்வளவாகக் குளிராதாம்.

தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். கொசு முட்டையிடும்.

நாக்பூருக்கு வந்த அந்த வேலை மாற்றலை நீங்களே எழுதிக் கேட்டு வாங்கினீர்கள் என்று உங்கள் ஃபாக்டரி அண்ணாதுரை அண்ணன் சொன்னார். முன்பே தெரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டேன். நாம் சண்டைகூடப் போட்டதில்லையே.

கடையிலிருந்து கிளம்பும்போது, "ரூம்ல எத்தன பேருங்க? ஒருத்தருக்குன்னா சின்னதே போதும்" என்றார் கடைக்காரர்.

"ரெண்டு பேருங்க" என்றேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரியதை வாங்கினால் எழுதுங்கள். எஸ்டேட் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன். சின்னதை வாங்கினாலும் மறைக்காமல் எழுதுங்கள். சாயங்கால பஸ் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போவதையாவது நிறுத்திக்கொள்வேன்.

நம் வீட்டிலிருந்து,
நான்