மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கதவு

பிளசி அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பழைய செங்கல் வீடுகளைப் படம் எடுப்பதாகச் சொல்லி, நேற்று நல்லம்பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். நம் காட்டு மண்ணிலேயே சுட்ட செங்கல், கடுக்காய் சேர்த்த சுண்ணாம்பு என்று நான் சொன்ன எதையும் அவர் காதில் வாங்கவில்லை. ஒரு படமும் எடுக்கவில்லை. நேராக உள்ளறைக்குப் போய், கேழ்வரகு மூட்டைகளை நகர்த்திச் சுவரைத் தட்டினார்.

“உள்ள இருக்கிற கதவு தேக்குதானுங்களே? சேதமில்லாம பிரிச்சு எடுத்துரலாம்ங்க” என்றார்.

உங்கள் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது, கதவைக் கழற்றாமலே இருபுறமும் செங்கல் வைத்து அடைத்த இடம் அது. அவர்கள் யாரும் இப்போது இல்லை. அது தெரிந்தவர்கள் நாம் இருவர்தான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வீட்டை விட்டு நகராத,
உங்கள் மனைவி