ஊருக்குள்ளயா, காலனியா

செவ்வாய் இரவு, திண்டிவனம்

இல்லை, பொய் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றவில்லை. அந்த மாடி போர்ஷனில் மேஜை போட ஜன்னலோரம்கூடப் பார்த்துவைத்திருந்தேன். சாவியை என் கையில் கொடுத்த பிறகுதான் வீட்டுக்கார அம்மா கேட்டார்.

"சொந்த ஊரு எதும்மா?"

"முகையூருங்க."

"அங்க ஊருக்குள்ளயா, காலனியா?"

"காலனிங்க." என் குரல் தாழவில்லை. அதைக் கவனித்துக்கொண்டேன்.

"அடடா, தம்பி மவன் குடி வர்றேன்னு சொல்லிக்கினு இருந்தான். மறந்தே பூட்டேன்."

சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன்.

"அப்ப கேட்டுல தொங்குற 'வீடு வாடகைக்கு' அட்டைய அவுத்துடட்டுமாங்க?"

நானே அவிழ்த்து அவர் கையில் வைத்தேன்.

பிறகு தெருவில் நின்று வேறொரு வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். பெயருக்கு முன்பே ஊரைச் சொன்னேன், காலனி என்பதையும் சேர்த்து.