அக்கா வண்டிக்குப் புது டிஸ்க்

அன்புள்ள அக்காவுக்கு, மேலகரத்துச் சாரலில் பாதி நனைந்தபடி உன் தம்பி எழுதுவது.

எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னேன், அக்கா. நீ இந்தக் காரை வாங்கி வந்த அன்றைக்கே, அதற்குப் போட்ட பூமாலை வாடுவதற்குள், "இந்தச் சாரல் ஊருல மொதல்ல போறது பிரேக் டிஸ்க்குதான், எழுதி வச்சுக்கோ" என்றேன். தெருவே கேட்டது. குற்றாலத்துக்குக் குளிக்கப் போன வெளியூர்க்காரர்கள்கூட வேனை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நீ மட்டும் சிரித்தாய். "ஏலே, வண்டி இன்னும் வீட்டுக்குள்ளயே வரல. அதுக்குள்ள வாய வைக்காத" என்றாய்.

இப்போது நான் சொன்னது பலித்துவிட்டது. சொன்னது பலித்தால் மனுஷனுக்கு ஒரு சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? எனக்கு ஏன் வரவில்லை?

டிஸ்க் என்றால் உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சக்கரத்துக்குள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவில் ஓர் இரும்புத் தட்டு சுற்றும். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் பேடு என்கிற கட்டை வந்து அதை இறுக்கிப் பிடிக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் இதை எத்தனையோ எஞ்சினியர்களுக்கு விளக்கியிருக்கிறேன். அவர்களும் வாயைத் திறக்காமல் கேட்டிருக்கிறார்கள்.

சாரல் நேரத்தில் ஓர் இரவு ஈரத்துக்கே அந்தத் தட்டு துருவேறிச் சிவந்துபோகும். அதற்காகவே நீ பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் போகாத நாளிலும் காலையில் வண்டியை எடுத்துத் தெருமுனை வரை போவாய். பிரேக்கை மெல்லத் தொட்டுத் தொட்டு விடுவாய். கரகரவென்று கேட்டு, பிறகு சத்தம் அடங்கும். "பல்லு தேச்சு விட்டாச்சுலே" என்பாய். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஆலோசனை சொல்லுவேன். புளியறை மலையேற்றத்தில் லாரி ஓட்டிய காலத்தில் தோள் போய்விட்டது, இல்லையென்றால் நானே ஓட்டுவேன் என்று ஊருக்கெல்லாம் தெரியும்.

வைகாசிக் கடைசியில் நீ எங்களை விட்டுப் போனாய். உன் மகள் கோமதியால் அந்தக் காரின் பக்கமே போக முடியவில்லை. அவள் புருஷன் வடக்கே பட்டாளத்தில் இருக்கிறார். பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பும்போது, அவள் எல்லோர் முன்னாலும் சாவியை என் கையில் கொடுத்தாள்.

"மாமா, நீங்க லாரி ஓட்டுன ஆளு. ரெண்டு நாளைக்கு ஒருக்க ஒரு சுத்து சுத்திட்டு வந்து நிறுத்துங்க. அந்த சீட்டுல உக்காந்தா எனக்கு அழுகையா வருது."

நான் சாவியைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தேன். "கோமதி, நம்ம குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. போனவங்க ஓட்டுன வண்டிய ஆடி முடியிற வரைக்கும் யாரும் அசைக்கக் கூடாது. நம்ம பூட்டன் போனப்ப அவரு வில்வண்டிய அப்படித்தான் நிறுத்தி வச்சிருந்தாவ" என்றேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். யாரோ ஒருத்தி காருக்கு முன்னால் விளக்குகூட ஏற்றினாள்.

இந்த வருஷம் சாரல் உனக்குப் பிடித்த மாதிரி பெய்தது. அருவியில் பாதி நாள் குளிக்க விடவில்லை, அவ்வளவு தண்ணீர். நான் தினமும் குடையோடு போய் உன் காரைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். சக்கரத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை, அக்கா?

ஆடி முடியச் சில நாள் இருக்கும்போது கோமதிக்குச் செங்கோட்டை ஆபீசுக்குப் போகிற பஸ் தவறிவிட்டது. மனசைத் திடப்படுத்திக்கொண்டு உன் காரை எடுத்துவிட்டாள். வழியில் புளியறை பக்கம் போன லாரி ஒன்று முன்னால் சட்டென்று நின்றது. இவள் பிரேக்கை அழுத்தினாள். ஸ்டியரிங் கையை உதறி எடுத்தது. ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது என்றாள். நான் மற்றவர்களிடம் ஒரு விரல்கடை என்று சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் சாவியை மேசைமேல் போட்டாள். "அம்மா வண்டி என்னைய உதறித் தள்ளுது மாமா. எனக்கு வேண்டாம். வித்துருவோம்."

"சீ, கழுத! டிஸ்க்கு போயிருக்கும். நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

மெக்கானிக் ரசூல் பாய் சக்கரத்தைக் கழற்றினார். தட்டு முழுவதும் துரு அரித்துக் குழி விழுந்திருந்தது. பேடு ஒட்டிக்கொண்டிருந்த இடம் மட்டும் அச்சு வைத்தாற்போலத் தனியாகத் தெரிந்தது.

"ரொம்ப நாளா ஒரே எடத்துல நின்னுச்சோ அண்ணாச்சி?"

நான் மலையைப் பார்த்தேன். மேகம் நன்றாக இறங்கியிருந்தது. கோமதிதான் பதில் சொன்னாள். "எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு பாய்."

"லேத்துல குடுத்துச் சீவிரலாமே?" என்று நான் பேச்சை மாற்றினேன்.

"சீவுனா மெலிஞ்சிரும். எது வரைக்கும் மெலியலாம்னு ஓரத்துலயே அளவு பொறிச்சிருக்கான் பாருங்க. ஏற்கெனவே அதுக்குக் கிட்ட வந்துட்டு. புதுசுதான் போடணும், ரெண்டு பக்கமும் சேத்து. பேடும் புதுசு."

தென்காசியிலிருந்து மூன்று விதம் வரவழைத்தார். ஒன்று, தட்டு முழுக்க ஓட்டை போட்டு, கோடு கிழித்து, ரேஸ் காரில் இருப்பது போல மினுங்கியது. என் கை தானாக அதன்மேல் போனது. "இதத்தான் போடணும். ஓட்டை வழியா காத்து போவும், சூடு தங்காது."

"அண்ணாச்சி, இது ஆபீசுக்குப் போயிட்டு வர்ற வண்டி. புளியறை எறக்கத்துல ரேஸா விடப் போறிய?" என்றார் பாய். கோமதி உன்னைப் போலவே வாயைப் பொத்திச் சிரித்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

இரண்டாவது, பெயரே இல்லாத மலிவுச் சரக்கு. சூடானால் கோணிவிடும் என்று அவள் ஒதுக்கினாள். மூன்றாவது, சாதாரணத் தட்டு. ஆனால் நடுவிலும் ஓரத்திலும் துருப் பிடிக்காத பூச்சு பூசியது. "பேடு உரசுற எடத்துல பூச்சு போயிரும், ஆனா மத்த எடம் தாங்கும். சாரலுக்கு இதான் மாமா" என்று அதையே எடுத்தாள். தேர்ந்தெடுத்தது நான்தான் என்று ஊரில் பேச்சு. நான் மறுக்கவில்லை.

புதுத் தட்டும் பேடும் ஒன்றோடொன்று உரசிப் பழக வேண்டும் என்று சுந்தரபாண்டியபுரம் ரோட்டுக்குப் போனோம். இரு பக்கமும் சூரியகாந்தி. கோமதி வேகம் எடுத்து, நிதானமாகக் குறைத்து, மறுபடி வேகம் எடுத்து ஓட்டினாள். ஸ்டியரிங் ஆடவே இல்லை. வெண்ணெய் போல நின்றது.

அதே ரோட்டில்தானே ஒரு நாள் நீ வண்டியை ஓரங்கட்டினாய்? "ஏலே, இங்கன யாரும் இல்ல. சீட்டு மாறி உக்காரு, சொல்லித் தாரேன்" என்றாய். நான் தோளைத் தடவினேன். நீ மறுபடி வண்டியை எடுத்தாய். வீட்டுக்கு வந்து எல்லோரிடமும், "பாவம், அவனுக்குத் தோளு சரியில்ல" என்றாய்.

அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் கோமதி சொன்னாள்: "பிரேக்கு சரியாயிட்டு மாமா. ஆனா ஆடி முடியுமுன்ன நான் எடுத்துட்டேம்லா. அந்தக் கோவத்துலதான அம்மா அன்னைக்கு அப்படிப் பண்ணிட்டாவ? எனக்கு இது வேண்டாம். ஞாயித்துக்கெழம வாங்க ஆளு வருது, குடுத்துருவோம்."

என்னைப் பேசவிடாமல் செய்ய உன்னால் மட்டும்தான் முடியும் என்று நினைத்திருந்தேன்.

நீ இருந்திருந்தால், "அளக்காதலே" என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பாய். இப்போது அதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படி ஒரு வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது, அக்கா. பூட்டனுக்கு வில்வண்டியும் கிடையாது. சாவி கைக்கு வந்ததும் பயந்துபோய் அந்த நிமிஷத்தில் நான் கட்டிவிட்ட கதை அது. புளியறை ஏற்றத்தில் நான் லாரியில் போனது நிஜம்; கிளீனராகப் போனேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது தெரிந்த ஒரே ஆள் நீதான்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வருமுன் இதைக் கோமதியிடம் சொல்லிவிடுவேன். அம்மாவுக்குக் கோபம் இல்லை, மாமாவுக்குத்தான் பயம் என்று சொல்வேன். அவள் திட்டி முடித்ததும், அதே ரோட்டில் சீட்டு மாறி உட்கார்ந்து அவளிடமே கற்றுக்கொள்வேன். அடுத்த சாரலில் உன் வண்டிக்குப் பல்லு தேய்த்துவிட நான் இருப்பேன்.

தோளில் ஒரு வலியும் இல்லாத,
உன் தம்பி