வனமாமலை அண்ணன் ஏன் ஓடுகிறார்

அன்புள்ள அம்மா,

நீயும் அப்பாவும் சுகமா? உன் மூட்டுவலி குறைந்ததா? போனில் சொன்னால் பாதியிலேயே திட்டுவாய், அதனால் எழுதுகிறேன்: தினமும் காலையில் ஓடுகிறேன்! யூடியூப் பார்த்தே மூச்சுவிடக் கற்றுக்கொண்டேன்.

மண்ணூர் ரோட்டில் ஓடுகிற எல்லோரிடமும் ஏன் என்று கேட்டுவிட்டேன். என் ரூம் எழிலரசிக்குப் போலீஸ் தேர்வு. எங்கள் சூப்பர்வைசருக்குச் சர்க்கரை. நாங்குநேரி வனமாமலை அண்ணன் மட்டும் சொல்லவே மாட்டார். டீக்கடை வளைவோடு நின்றுவிடுவார். இன்று விடாமல் கூடவே ஓடினேன். அந்த வளைவில் ஒரு கம்பெனி பஸ் திரும்பியது. ஜன்னலோரம் அவர் மனைவி கனகலட்சுமி அக்கா கையசைத்துப் போனார்! அப்போதுதான் அண்ணன் சொன்னார்:

"அவ லேடீஸ் ஹாஸ்டல்ல, நான் பயலுவ ரூம்ல. வீடு இன்னும் அமையல. இங்க வந்து நின்னு பாத்தா கேலி பண்ணுவானுவ. ஓடுனா யாரும் எதுக்குன்னு கேக்க மாட்டாவ, ஒன்னத் தவிர! நீ எதுக்குட்டி ஓடுத?"

சும்மா என்றேன். திரும்பும்போது, வந்த பஸ்களின் ஜன்னலில் எல்லாம் தெரிந்த முகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடித் தடுக்கி விழுந்தேன். முழங்காலில் லேசான சிராய்ப்புதான், பயப்படாதே.

ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு ஜோடி சாக்ஸ் வேண்டும். இங்கேயும் கிடைக்கும்தான், ஆனால் முடிந்தால் நீயே கொண்டு வா. எந்த பஸ் என்று மட்டும் சொல், ஓடியே வந்துவிடுவேன்.

உன்
தங்கமாரி