இரண்டு நாள் லீவு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் அப்பா, உன் தம்பி, நான் மூவரும் கூடி, நெடுநேரம் விவாதித்து, சுவரில் ஓர் ஆணி அடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

இதன் கனம் உனக்குத் தெரியும். நம் குடும்பத்தில் இதுவரை யாரும் எந்தச் சுவரிலும் ஆணி அடித்ததில்லை. தக்காளி முடிந்தால் வெங்காயம், வெங்காயம் முடிந்தால் ஆரஞ்சு என்று லாரி ஏறுகிறவர்களுக்கு ஆணி எதற்கு? சுவரும் எப்போதும் தோட்ட முதலாளியுடையது. ஆனால் விண்வெளி உடுப்பில், தலைக்கவசத்தைக் குடம்போல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு நீ சிரிக்கிற படத்தைப் பெட்டிமேல் சாய்த்து வைத்தால், உன் தம்பி அதன்மேல் சட்டையைக் கழற்றிப் போடுகிறான். தேசமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற பெண்ணுக்கு இது அடுக்குமா?

முதல் ஆணி வளைந்தது. அடுத்த அடி அப்பாவின் கட்டைவிரலில் விழுந்தது. இப்போது படம் சற்றுச் சாய்வாகத் தொங்குகிறது. ராக்கெட்டும் மேலே போகப் போகச் சாய்ந்துதான் போகுமாம். அவர் சொல்கிறார்.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். போன் உன் அப்பா கைக்குப் போனால் எரிபொருள் எத்தனை டன் என்று கேட்கவே நேரம் சரியாகிவிடுகிறது. நீ சொன்ன கணக்கை மறுநாளே அவர் பக்கத்து வரிசையில் பறிக்கிறவரிடம் சொல்ல, அந்த மனிதர், “அவ்வளவு குடிச்சா மைலேஜ் என்னண்ணே குடுக்கும்?” என்று கேட்டுவிட்டார். அன்று முழுவதும் அப்பாவின் முகம் சரியில்லை. விசாரித்து வை.

பேப்பரில் உன் பேட்டியைப் படித்தோம். ஆறு மாதம் நான்கு பேரோடு ஒரு சின்ன அறையில் அடைந்து கிடக்க முடியுமா என்று பெரிய பெரிய டாக்டர்கள் உன்னைச் சோதித்தார்களாமே. நாம் அதைவிடச் சின்னக் கொட்டகையில் எட்டுப் பேர் இருந்தோம். உன் சித்தப்பாவின் குறட்டையைத் தனி ஆளாக எண்ணினால் ஒன்பது. அப்போது எந்த டாக்டரும் எட்டிப் பார்க்கவில்லை. பயிற்சி அறையில் மற்றவர்கள் தவித்தபோது நீ மட்டும் நிம்மதியாகத் தூங்கினாய் என்றும், அதன் காரணத்தை ஆராய்ந்து வருகிறார்கள் என்றும் போட்டிருந்தது. ஆராயட்டும்.

ஏழு பள்ளிக்கூடங்களில் முதல் பாடம் படித்தவள் நீ. எந்தப் பள்ளியிலும் கடைசிப் பாடம் வரை நாம் இருந்ததில்லை. மிச்சப் பாடங்களையெல்லாம் லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து, அடுத்த தோட்டம் வருவதற்குள் நீயே படித்து முடித்தாய். பக்கத்தில் இருந்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். முதல் பாடங்களோடு நின்றுவிட்டேன். என் கடிதங்கள் தொடக்கத்தில் நன்றாக இருந்து முடிவில் சுமாராகப் போவதற்கு அதுதான் காரணம்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். ராக்கெட் கிளம்புவதைப் பார்க்க எங்களுக்கு மூன்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்; ஆனால் பறிப்பு மும்முரமாக நடக்கும்போது வந்தால் வேலையும் அறையும் போய்விடும் என்றால் வரவேண்டாம், டிவியிலேயே பாருங்கள் என்று எழுதியிருந்தாய். புத்திசாலிப் பெண். நல்ல யோசனை.

தோட்டத்து மேஸ்திரி ஆணியைப் பார்க்கத்தான் வந்தார். “எவன்யா செவுத்துல ஓட்டை போட்டது?” என்று வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தவர், படத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். “இந்தப் பொண்ணை மொதமொதல்ல ஏணியில ஏத்திவிட்டதே நான்தானே!” என்றார். உண்மைதான். ஆரஞ்சு மரத்தில். மதியம்வரை இறக்கிவிட மறந்துபோனதை அவரும் சொல்லவில்லை, நாங்களும் நினைவூட்டவில்லை.

சமயம் பார்த்து அப்பா லீவு கேட்டார். “மேல போறது அவ. நீங்க எதுக்குய்யா போகணும்? பழம் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?” என்றார் மேஸ்திரி. மறுபடி படத்தைப் பார்த்தார். “சரி, ரெண்டு நாள் எடுத்துக்க. மூணாம் நாள் காலையில ஆள் நிக்கலேன்னா ரூமை வேற ஆளுக்குக் குடுத்துருவேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய தாராளம்.

இரண்டு நாள் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் உன் தம்பி பேப்பரைப் படித்துக் காட்டினான். காற்று பலமாக இருந்தால் ராக்கெட்டை நிறுத்தி வைப்பார்களாம். ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

அப்பா அடிபட்ட கட்டைவிரலில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு, “இத்தனை வருஷமா எவன் பழம் எப்பப் பழுக்குதோ அப்பப் போய் நின்னோம். நம்ம புள்ள கிளம்புற வரைக்கும் நிக்க முடியாதா?” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு மேஸ்திரியைப் பார்க்கப் போனார். அங்கே என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்ததும், “அந்த நீலச் சட்டையை இஸ்திரி போடணும்” என்றார்.

ஆகையால் லீவைப் பற்றிக் கவலைப்படாதே. எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஆகிவிட்டது.

இங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை. உன் தம்பி எங்கிருந்தோ ஒரு பைனாகுலர் வாங்கி வந்திருக்கிறான். அதில் ஒரு கண்ணுக்குத்தான் தெரிகிறது. ஆளுக்கு எத்தனை நொடி என்று இப்போதே சண்டை. அடியில் நெருப்பு கக்கும்போது பல மைல் தூரத்துக்குத் தரை அதிருமாமே! நான் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கப்போகிறேன். கண்ணில் நீர் முட்டி ஒன்றும் தெரியாமல் போனாலும், காலுக்காவது தெரியட்டும்.

கண்ணு, ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அம்மாவும் அப்பாவும் வெயிலில் நிற்கிறார்களே என்று நினைத்து நீ அவசரப்படாதே. அங்கே யாரையும் அவசரப்படுத்தாதே. காற்று அடங்கட்டும். நாங்கள் நிற்போம். நல்லபடியாகப் போய், நல்லபடியாகத் தரையில் கால் வை. நூறு வயது இருப்பாய்.

உன் அம்மா

பின்குறிப்பு: இனிமேல் இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமையிலிருந்து இந்த அறையில் வேறு குடும்பம் இருக்கும்.