முகமூடியைப் பற்றிய மூன்றாவது குறிப்பு

அல்வால், செகந்திராபாத்
18.10.2012

அன்புள்ள வாசுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். எட்டு மாதமாக உன்னிடம் பேசாதவன் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் வரிசை போட்டுக்கொண்டேன்.

1. பறக்கும் நாயகர்களின் படங்கள்
2. பாட்டாலேயே கதை சொல்லும் படங்கள்
3. முகமூடி போட்டு வீட்டாரிடம் மறைப்பது கோழைத்தனம்
4. டிசம்பர்

சென்ற ஞாயிறு அம்மாவும் நானும் ஒரு அமெரிக்கப் படம் பார்த்தோம். நாயகன் முகமூடி போட்டு, வீட்டாருக்குத் தெரியாமல் நியூயார்க் மேல் பறந்துகொண்டே தெலுங்கு பேசுகிறான். ஐம்பதாவது மாடியிலிருந்து விழும் பெண்ணைத் தரைக்கு ஒரு முழம் மேலே கையில் ஏந்துகிறான். அந்த வேகத்தில் கையும் தரையும் ஒன்றுதான். காஞ்சன்பாக் ஏவுகணை ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் இருந்தவனுக்கு இது உறுத்துகிறது. பத்துக்கு நான்கு மார்க்.

பாட்டுப் படங்கள் இதைவிட நேர்மையானவை என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. நம் படங்களில் கதையை நிறுத்திவிட்டுப் பாடுகிறார்கள். நீ முன்பு வாங்கித் தந்த வெளிநாட்டுப் படங்களில், பேச வராததைச் சொல்லத்தான் பாடுகிறார்கள். ஒன்றில் ஒரு தகப்பன் ரயில் நகர்ந்த பிறகு பாடத் தொடங்குகிறான். அதற்கு ஒன்பது போட்டிருக்கிறேன். எனக்குக் குரல் கிடையாது, உனக்கே தெரியும்.

மூன்றாவதை எழுதத்தான் உட்கார்ந்தேன். உன்னோடு வேலை பார்த்த ஹிமபிந்துவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, ஒரு வருடம் கழித்துச் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். முகமூடிக்காரனும் நீயும் ஒன்றுதான் என்று எழுதும் முன், வரிசையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். “வீட்டார்னு ஏன் போடறீங்க? எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும். உங்ககிட்ட சொல்லத்தான் பிள்ளை நடுங்கினான். எதுக்கெடுத்தாலும் மார்க் போட்டா எவன் வாயைத் திறப்பான்?” என்றாள்.

மேலதிகாரி கூப்பிட்டால் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவன் நான். என்னைக் கண்டு ஒருவர் பயப்படக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டிசம்பரில் நீங்கள் இருவரும் விஜயவாடாவில் உள்ள ஹிமபிந்துவின் வீட்டுக்கு வருவதாக அம்மா சொன்னாள். அங்கிருந்து செகந்திராபாத்துக்குக் காலையில் ரயில் இருக்கிறது. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். மாடி அறை ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தாயிற்று. அந்தப் பெண்ணுக்குக் காரம் எவ்வளவு வேண்டும் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

இருவரும் நல்லபடியாக இருங்கள். மூன்றாவதை அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாமா என்று யோசித்தேன். பிறகு, நீ பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டேன். அந்த மூன்றாவது வரி தவறு, வாசு.

அப்பா